பூக்கட்டும் அம்மாவின் வலது முழங்கால்: ஒரு நிகழ்வு ஆய்வு

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்று எக்ஸ்ரே உறைகளை மஞ்சப்பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்காரும் முன்பே, “தம்பி, கரண்டு வச்சு விட்டாப் போதும். ஆபரேஷன் மட்டும் வேணாம்” என்றார். நான் இயன்முறை சிகிச்சையாளன், ஆபரேஷன் செய்கிற ஆள் இல்லை என்று சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. கரண்டும் வைக்கப் போவதில்லை என்பதை அன்றைக்கே சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

வயது 57. மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். முப்பது வருடமாகப் பூக்கட்டி விற்கிறார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முழங்காலுக்கென்று மாத்திரையோ ஊசியோ இல்லாமல் ஒரு சாதாரணத் தேய்மான வலியை எவ்வளவு தூரம் இறக்க முடிந்தது, எங்கே நின்றுபோனது என்பதைப் பதிந்து வைப்பதுதான் நோக்கம். அதிசயக் கதை இல்லை.

முதல் நாள்

வலது முழங்காலில் நான்கு வருட வலி. கடைசி எட்டு மாதமாக அதிகம். காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிப்பு, அப்புறம் இளகிவிடும். தரையிலிருந்து எழும்போதும், மாடி இறங்கும்போதும், டவுன் பஸ்ஸில் ஏறும்போதும்தான் உயிர் போகிறது என்றார். பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்பது முட்டி வலி வந்தவர்களுக்குத்தான் தெரியும். டிக்கெட் இலவசம், ஏறத்தான் முடியவில்லை என்று சிரித்தார்.

இதற்கு முன் என்னென்ன செய்தார் என்று கேட்டேன். ஒரு மருத்துவமனையில் இரண்டு முறை மூட்டுக்குள் ஊசி. ஒவ்வொரு தடவையும் இரண்டு மாதம் நன்றாக இருந்தது. வேறோர் இடத்தில் பத்துப் பத்து நாளாக இரண்டு சுற்று கரண்டு. இன்னோர் இடத்தில் எக்ஸ்ரேயை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டி, “ஜவ்வு சுத்தமாத் தேஞ்சுபோச்சு, வண்டி டயர் மாதிரி. மாத்திட வேண்டியதுதான். அதுவரைக்கும் நடக்காதீங்க, படி ஏறாதீங்க, கீழே உட்காராதீங்க” என்றார்களாம். எனக்கு எக்ஸ்ரேயை விட இந்தக் கடைசி வாக்கியம்தான் பெரிய சிக்கலாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் நடையைக் குறைத்திருக்கிறார், மாடிக்கே போகவில்லை, துணி காயப்போடுவதும் மருமகள் வேலையாகிவிட்டது. அந்த எட்டு மாதத்தில்தான் வலியும் கூடியிருக்கிறது.

சோதித்தபோது கண்டவை. உயரம் 152 செ.மீ., எடை 71 கிலோ. வலது முழங்கால் 110 பாகை வரை மடங்கியது, இடது 130. முழுதாக நீட்ட முடியவில்லை. 8 பாகை மடக்கிலேயே நின்றது. மூட்டில் லேசான நீர். முட்டிச் சில்லுக்கு 10 செ.மீ. மேலே தொடையின் சுற்றளவு இடதை விட 2 செ.மீ. குறைவு. வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னால் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. காய்ச்சல், சிவப்பு, இரவில் சும்மா படுத்திருக்கும்போது வலி, மூட்டு திடீரென்று பூட்டிக்கொள்வது எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் உடற்பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் மருத்துவரிடம் திருப்பி அனுப்பியிருப்பேன். சர்க்கரை உண்டு, அதற்கான மாத்திரை அப்படியே தொடர்ந்தது.

எக்ஸ்ரேயில் உள்பக்க இடைவெளி நன்றாகவே குறைந்திருந்தது, ஓரங்களில் எலும்பு முளைகள். 1957இல் கெல்கிரனும் லாரன்ஸும் வகுத்த 0 முதல் 4 வரையிலான தரத்தில் இது 3. ஆனால் நோயைச் சொல்ல எக்ஸ்ரேயே தேவைப்படவில்லை. 45 வயதுக்கு மேல், அசைந்தால் வலி, காலைப் பிடிப்பு இருந்தாலும் அரை மணிக்குள் இளகிவிடுவது: இவ்வளவு இருந்தால் படம் எடுக்காமலே முழங்கால் தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்பதுதான் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல். படத்துக்கும் வலிக்கும் அவ்வளவு நெருக்கமான உறவு கிடையாது. தரம் 4 வைத்துக்கொண்டு மலையேறுகிறவர்களும் உண்டு, படம் சுத்தமாக இருந்தும் நொண்டுகிறவர்களும் உண்டு.

அளவிடக் கிடைத்த கருவிகள் எளியவை. நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினேன்: 6. அறுபது வயதைக் கடந்த பெண்ணுக்கே 12க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே என்று கணக்கு. 40 மீட்டரை வேகமாக நடக்க 46 விநாடி. படி இறங்கும்போது வலி பத்துக்கு 7.

அப்புறம் வோமாக் கேள்வித்தாள். கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ, மெக்மாஸ்டர் பல்கலைக்கழகங்களின் பெயரிலிருந்து வந்த சுருக்கம் இது. 24 கேள்வி. உலகம் முழுவதும் முழங்கால் ஆய்வுகள் இதை வைத்துத்தான் நடக்கின்றன. அதில் காலுறை போடுவதில் எவ்வளவு சிரமம், கழற்றுவதில் எவ்வளவு சிரமம் என்று இரண்டு கேள்வி வரும், காரில் ஏறி இறங்குவதற்கு ஒன்று. இந்த அம்மா வாழ்நாளில் காலுறை போட்டதில்லை. சம்மணம் போட முடிகிறதா, குத்துக்காலிட முடிகிறதா, தரையிலிருந்து எழ முடிகிறதா என்று ஒரு கேள்வியும் கிடையாது. காலுறைக்குப் பதில் கொலுசு மாட்டுவதைக் கேட்டுக் கணக்கை ஒப்பேற்றினேன். 96க்கு 54 வந்தது. எண் கூடக்கூட நிலைமை மோசம். தனியாக அவரிடம் மூன்று விஷயம் சொல்லச் சொன்னேன், எது முடிந்தால் போதும் என்று. யோசிக்காமல் சொன்னார்: பஸ் ஏறணும், கீழே உட்கார்ந்து எழுந்திருக்கணும், மாடியில் துணி காயப்போடணும்.

டயர் பேச்சு

முதல் இரண்டு சந்திப்பிலும் பாதி நேரம் பேச்சிலேயே போனது. அந்த ‘டயர்’ மண்டையிலிருந்து இறங்காமல் எந்தப் பயிற்சியும் ஓடாது. தேயும் என்று நம்புகிற காலை யார் அசைப்பார்கள்?

அவருக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். டயருக்கு உயிர் இல்லை, மூட்டுக்கு உண்டு. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. கால் ஊன்றும்போது அழுந்தி, தூக்கும்போது விரிந்து, அந்த நீர் உள்ளே போய் வெளியே வருகிறது. மிதிக்காத காலுக்கு அந்தச் சாப்பாடும் குறைவு. குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. வலிப்பது அடியிலுள்ள எலும்பும் மூட்டின் உள்ளுறையும் சுற்றியிருக்கிற தசையும். மூட்டில் நீர் கோத்தால் உடம்பு தானாகவே தொடையின் முன்தசையை அடக்கிவிடும். தசை இளைத்தால் அதிர்ச்சியைத் தாங்க ஆளில்லை, எலும்பு நேராக வாங்குகிறது, வலிக்கிறது. வலித்தால் அசைப்பதில்லை, இன்னும் இளைக்கிறது. எங்கேயாவது இந்தச் சக்கரத்தில் கட்டையைப் போட வேண்டும். தேய்ந்த இடத்தை நான் வளர்த்துத் தர முடியாது, தசையை வளர்க்க முடியும்.

“அப்ப வலிச்சாலும் செய்யணுமா?” என்றார். இந்தக் கேள்விக்குத்தான் ஒரு விதி வைத்திருக்கிறேன். செய்யும்போது வலி பத்துக்கு 5 வரை போகலாம். மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் நேற்றுச் செய்தது அதிகம், இன்று பாதி. அவர் இதைப் பூக்கணக்கு ஆக்கிக்கொண்டார்: அஞ்சு முழம் வரைக்கும் வலிக்கலாம், ஆறு கூடாது.

கரண்டு பஞ்சாயத்து

மூன்றாவது தடவை வந்தபோது நேராகவே கேட்டார். “என்ன தம்பி, ஒரு தடவைகூட கரண்டு வைக்காம அனுப்புறீங்க? மிஷின் ரிப்பேரா?”

மிஷின் நன்றாகத்தான் இருந்தது. நானே சில வருடம் முன்புவரை முட்டி வலி என்று வந்தால் முதலில் கரண்டு, அப்புறம் அல்ட்ராசவுண்ட், நேரமிருந்தால் பயிற்சி என்று போனவன்தான். நைஸ் வழிகாட்டுதல் டென்ஸ் (தோல் மேல் பட்டை ஒட்டி வைக்கும் கரண்டு), அல்ட்ராசவுண்ட், இன்டர்ஃபெரன்ஷியல், லேசர் போன்ற மின்சிகிச்சைகளைத் தேய்மான மூட்டுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது; பயன் இருப்பதற்குப் போதிய சான்று இல்லை என்பது காரணம். அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் டென்ஸை அழுத்தமாகவே மறுக்கிறது. சுகமாக இருக்காதா என்றால் இருக்கும். வெந்நீர் ஒத்தடமும் சுகமாகத்தான் இருக்கும், அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். கரண்டு வைத்த 20 நிமிடம் நோயாளி படுத்தே கிடக்கிறார், எழுந்து போகும்போது அதே தொடை, அதே தசை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நம் ஊரில் கட்டணம் மிஷினுக்குத்தான் வாங்க முடிகிறது. எழுந்து உட்காரச் சொல்லிக்கொடுப்பதற்குக் காசு கேட்டால் “இதுக்கா?” என்கிறார்கள். இந்தப் பழக்கம் தானாக வந்ததில்லை, எங்கள் தொழிலும் சேர்ந்து வளர்த்ததுதான்.

அவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “வெந்நி ஒத்தடம் வச்சுட்டு நான் சொன்னதைச் செய்யுங்கம்மா, ஒரு மாசம். மாறலைன்னா கரண்டு வைக்கிறேன்” என்று பேரம் பேசினேன். ஒத்துக்கொண்டார்.

செய்தது என்ன

12 வாரத்தில் 14 தடவை வந்தார். முதல் ஆறு வாரம் அடிக்கடி, அப்புறம் இடைவெளி விட்டு.

முதலில் காலை நீட்ட வைப்பதுதான் வேலை. எல்லோரும் மடக்குவதைப் பற்றியே கவலைப்படுவார்கள். நீட்ட முடியாத முழங்கால் நிற்கும்போதும் நடக்கும்போதும் தொடைக்கு ஓய்வே கொடுக்காது. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முழங்காலை அந்தரத்தில் விட்டு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று வேளை. துண்டை முழங்காலுக்கு அடியில் மாற்றி வைத்துக் கீழே அழுத்தி ஐந்து எண்ணுவது. இங்கே வரும்போது நான் கையால் மூட்டை அசைத்து, முட்டிச் சில்லை நாலாபக்கமும் நகர்த்திக் கொடுத்தேன். கைச்சிகிச்சையைப் பற்றி வழிகாட்டுதல்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நைஸ், பயிற்சியோடு சேர்த்தால் மட்டும் தரலாம் என்கிறது. அமெரிக்கர்கள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. எனக்குப் பிடித்த சான்று அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளிலிருந்து டெய்ல் குழுவினர் வெளியிட்டது. 2000இல் 83 பேரை வைத்து ஒன்று: கைச்சிகிச்சையும் பயிற்சியும் பெற்றவர்களில் ஒரு வருடத்துக்குள் முழங்கால் அறுவைக்குப் போனவர்கள் 5 சதவீதம், பெயருக்கு அல்ட்ராசவுண்ட் பெற்றவர்களில் 20 சதவீதம். 2020இல் 156 பேரோடு இன்னொன்று: இதே சிகிச்சையை மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். இரு பக்கமும் 107, 109 என்று தொடங்கிய வோமாக் எண் (அங்கே 96க்குப் பதில் 240க்குக் கணக்கு), ஒரு வருடம் கழித்து இயன்முறைப் பக்கம் 37, ஊசிப் பக்கம் 55.8. ஊசியிலும் குறைந்தது, இதில் இன்னும் குறைந்தது.

மூன்றாம் வாரத்திலிருந்து நாற்காலிப் பயிற்சி. உயரம் தாங்காததால் இரண்டு தலையணையைப் போட்டு உட்கார வைத்தேன். எட்டு தடவை எழுந்து உட்கார்வது, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தலையணை குறைந்தது. இடுப்புப் பக்கத் தசைக்கு ரப்பர் பட்டை கட்டிக் காலைப் பக்கவாட்டில் விரிப்பது. கணுக்காலில் ஒரு கிலோ மணல் பை கட்டி நீட்டுவது. பை வீட்டில் பழைய ஜீன்ஸ் துணியில் மருமகள் தைத்துக் கொடுத்தது. ஆறாம் வாரத்தில் படி: வீட்டு வாசல்படியில் வலது காலை வைத்து ஏறி, மெதுவாக இறங்குவது. கனத்தை ஏற்றிக்கொண்டே போகும் அவசரம் எனக்கு இல்லை. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு 377 பேரை 18 மாதம் கவனித்தது. கனத்த எடைப் பயிற்சிக்கும் லேசானதற்கும் வலியில் வித்தியாசமே இல்லை. எதைச் செய்கிறார் என்பதை விடச் செய்கிறாரா என்பதுதான் என் கவலை.

அதனால் பயிற்சியை அவர் நாளுக்குள் சொருகினேன். விடியற்காலை பூ வருவதற்கு முன் டீ கொதிக்கும் நேரம் துண்டுப் பயிற்சி. சாயங்காலம் தொலைக்காட்சியில் விளம்பரம் வரும்போதெல்லாம் எட்டு தடவை எழுந்து உட்கார்வது. தனியாக அரை மணி ஒதுக்கச் சொல்லியிருந்தால் இரண்டாம் வாரமே நின்றிருக்கும்.

ஊன்றுகோல் பற்றி ஒரு சின்னச் சண்டை. வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் கம்பு பிடித்தால் முழங்காலில் இறங்கும் பாரம் குறையும். பெரும்பாலோர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். இவர் எந்தப் பக்கமும் பிடிக்க மாட்டேன் என்றார்: “கம்பு ஊன்டா கெழவின்னு ஆயிரும். பூ வாங்குறவுக ஒரு மாதிரி பாப்பாக.” நீளக் கைப்பிடிக் குடை ஒன்றை இடக்கையில் பிடிக்கச் சொன்னேன். பங்குனி வெயிலுக்குக் குடை யாருக்கும் உறுத்தவில்லை. மருந்துக்கடையில் வாங்கியிருந்த முட்டி உறையைப் போடவும் சொல்லவில்லை, கழற்றவும் சொல்லவில்லை.

பூக்கட்டும் இடம் மாறியது. கீழே சம்மணத்தில் மூன்று மணி நேரம் உட்கார்வதை விட்டு, உயரமான ஸ்டூலில், பூக்கூடையை எதிரே பெஞ்சில் வைத்துக்கொண்டு. கழிப்பறைக்கு மேலே வைக்கும் நாற்காலி. தரையில் உட்காரவே கூடாது என்று நான் தடை போடவில்லை. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் தரையில்தான் நம் உறவு நடக்கிறது. உட்கார்வது குற்றமில்லை, மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்வதுதான் பாரம்.

எடை. நடக்கும்போது உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ பாரம் குறையும் என்று மெசியர் குழு 2005இல் கணக்கிட்டுக் காட்டியது. இவர் ஒரு நாளில் குடித்தது ஆறு டீ, ஆறிலும் சர்க்கரை, இரண்டோடு வடை. சோற்றில் கை வைக்காமல் இதை மட்டும் பிடித்துக்கொண்டேன். சர்க்கரை மாத்திரை பார்க்கும் மருத்துவருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

எட்டாவது வாரம்

சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளும் பூவுக்கு இருக்கும் கிராக்கி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தால் கை வேகம் வரவில்லை என்று பழையபடி தரைக்குப் போய்விட்டார். மூன்று ராத்திரி. நான்காம் நாள் முழங்கால் பன் மாதிரி வீங்கிவிட்டது. மகன் பைக்கில் வைத்துக் கூட்டிவந்தார். வலி 8. “போச்சு தம்பி, எல்லாம் போச்சு. ஊசியே போட்டுக்கிறேன்.”

பெரும்பாலான முழங்கால்களின் பயிற்சி இந்த இடத்தில்தான் நிற்கிறது. வீக்கத்தைப் பார்த்துவிட்டுப் ‘பயிற்சியால்தான்’ என்று சொல்ல வீட்டில் ஒருவராவது இருப்பார்கள். சூடு, சிவப்பு, காய்ச்சல் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இல்லை. வெறும் அதிகப் பாரம். ஐஸ், அழுத்திக் கட்டும் பட்டை, படியும் நாற்காலியும் ஐந்து நாளுக்கு நிறுத்தம். துண்டுப் பயிற்சி மட்டும் பாதி அளவில் ஓடட்டும் என்றேன். முற்றிலும் நிறுத்த விடவில்லை. ஆறாம் நாள் தலையணை போட்ட நாற்காலிக்குத் திரும்பினோம். பத்தாம் நாள் வலி பழைய 4க்கு வந்தது. நான்கு வருடத்தில் வீங்கிய முழங்கால் ஊசியில்லாமல் வடிந்தது இதுதான் முதல் தடவை என்றார். அதற்கப்புறம் கரண்டைப் பற்றி அவர் பேசவில்லை. தப்பு என் பக்கமும் உண்டு: பூக்காரியிடம் சித்திரை வருகிறதே, என்ன செய்யப் போகிறீர்கள் என்று பங்குனியிலேயே கேட்டிருக்க வேண்டும்.

கடைசி நான்கு வாரம் தரையிலிருந்து எழும் பயிற்சி. பக்கவாட்டில் சாய்ந்து, கை ஊன்றி, தலையணை மேல் இடது முழங்கால் போட்டு, வலது பாதத்தை முன்னே வைத்து, ஸ்டூலைப் பிடித்து எழுவது. முதல் நாள் நான்கு நிமிடம் ஆனது. வைகாசி முடிவில் ஸ்டூல் தேவைப்படவில்லை, சுவர் போதுமாயிருந்தது.

எண்கள்

12 வாரத்தில்: நாற்காலி எழுகை 6இலிருந்து 11. 40 மீட்டர் நடை 46இலிருந்து 35 விநாடி. படி இறங்கும் வலி 7இலிருந்து 3. வோமாக் 54இலிருந்து 29. மடக்கம் 122 பாகை, நீட்டக் குறைவு 3 பாகை. ஆவணியில், ஆறு மாதம் கழித்து: நாற்காலி 12, வலி அதே 3, எடை 67 கிலோ. எக்ஸ்ரே மறுபடி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அதே படம்தான் வந்திருக்கும்.

இதையெல்லாம் பயிற்சிதான் செய்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஒரே ஆள், ஒப்பிட இன்னொருவர் இல்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் வருகிறார்கள், கொஞ்சம் தானாகவும் இறங்கும். 54 ஆய்வுகளைத் தொகுத்த 2015 காக்ரேன் அறிக்கையில் பயிற்சி முடிந்த கையோடு, பயிற்சி செய்யாதவர்களை விட வலி 100க்கு 12 புள்ளி அளவே கூடுதலாகக் குறைந்தது. டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய ‘கிளாட்’ என்ற புகழ்பெற்ற பயிற்சித் திட்டத்தை, 206 பேரிடம், வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊசியில் மருந்தில்லை என்று நோயாளிகளுக்கே தெரியும். இரண்டும் ஒரே அளவில்தான் வலியைக் குறைத்தன. 2022இல் அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவர் நேரம் ஒதுக்கி, கேட்டு, கவனிப்பதிலேயே பாதி வைத்தியம் இருக்கலாம். ஆனால் உப்புநீர் தொடைத் தசையை வளர்க்காது, பஸ் படியில் ஏறக் கற்றுத்தராது, பயிற்சி சர்க்கரைக்கும் நல்லது என்பதால் நான் இந்தப் பக்கமே நிற்கிறேன்.

அறுவை சிகிச்சைக்கு எதிராகவும் இதைப் படிக்க வேண்டாம். டென்மார்க்கிலேயே 2015இல் 100 பேரை வைத்து நடந்த ஆய்வில், மூட்டு மாற்றியவர்களுக்குத்தான் அதிக முன்னேற்றம். தீவிரமான பக்கவிளைவுகளும் அவர்களுக்குத்தான் அதிகம். அறுவையில்லாப் பக்கம் இருந்தவர்களில் 26 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் மாற்றிக்கொண்டார்கள். மீதிப் பேருக்கு அந்த வருடத்தில் தேவைப்படவில்லை. இந்த அம்மா எந்தப் பக்கம் போவார் என்று இப்போது சொல்வதற்கில்லை.

அவர் கேட்ட மூன்றில் இரண்டு நடந்தது. பஸ் ஏறுகிறார், இடது காலை முதலில் வைத்து. மாடியில் துணி காயப்போடுகிறார். மருமகளுக்கு அதில் சின்ன வருத்தம், அந்த நேரத்தில்தான் அவர் போன் பேசுவாராம். மூன்றாவது பாதிதான். கீழே உட்கார்ந்து எழ முடிகிறது, சம்மணம் வரவில்லை. காலை நீட்டியோ மணைப்பலகை மேலோதான் உட்கார்கிறார்.

போன வாரம் வந்தபோது இடது முழங்காலிலும் இறங்கும்போது லேசாகக் குத்துகிறது என்றார். மஞ்சப்பையைக் கையில் வைத்திருந்தார். “இதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துரவா தம்பி?” வேண்டாம் என்றேன். மணல் பையை இடது காலுக்கு மாற்றிக் கட்டிவிட்டேன். அடுத்த சந்திப்பு நவராத்திரி வியாபாரம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால். இந்தத் தடவை நான்தான் முதலில் தேதி கேட்டுக் குறித்துக்கொண்டேன்.